வன்னியின் தண்ணீரும் எரிவாயுத் துளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமக்காரர் அமைப்புக் கூட்டம், கோயில் திருவிழா, செத்தவீடு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னைப் பக்கத்தில் இருத்தி இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வன்னி என்று நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களையும்.

மாஸ்ரர், வன்னியிலை காஸ் தோண்டுறாங்கள் எண்டு கதைக்கினம். உண்மையே?

வன்னித் தரையில் இன்று எரிவாயுக் கிணறு எதுவும் இல்லை. கதையின் வேர் மன்னார்க் கடலில் இருக்கிறது. 2011இல் கெயார்ன் லங்கா என்ற நிறுவனம் மன்னார்ப் படுகையில் துளையிட்டு, டொராடோ, பரகூடா என்று பெயரிட்ட இரண்டு இடங்களில் எரிவாயு கண்டது. அங்கே கடலே 1,300 மீற்றருக்கு மேல் ஆழம். பிறகு அந்த நிறுவனம் விலகிப் போய்விட்டது. வாயு கடலடியில் அப்படியே கிடக்கிறது. அதற்கும் முன்னால், 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் தரையிலேயே துளைத்துப் பார்த்தார்கள். வணிகத்துக்கு உதவும் அளவில் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் தேடும் எண்ணம் போய்விடவில்லை. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது, அதன் கீழ் ஒரு அதிகாரசபையும் வந்தது. ஆகவே நாளைக்கே பொறி கொண்டுவந்து இறக்கப்போகிறார்கள் என்று பயப்படவும் வேண்டாம், வெறும் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். நமக்குக் கொஞ்சம் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

அது நடுக்கடலிலை. எங்கட கிணத்துக்கு அதாலை என்ன வரப்போகுது?

கடலடித் துளை நேராக உங்கள் கிணற்றைக் கெடுக்காது. கடலில் ஒன்று நடந்தால் முதலில் அடிபடுவது மீன்பிடி. பேசாலையிலும் சிலாவத்துறையிலும் வலை போடுகிறவர்களின் பிரச்சினை அது. சின்னதல்ல, ஆனால் வேறு.

கிணற்றுக்கு வரக்கூடிய ஆபத்து தரையில்தான். கடலில் எடுக்கும் வாயு எங்காவது கரையேற வேண்டும். குழாய் வேண்டும், சுத்திகரிக்கும் இடம் வேண்டும், எண்ணெய்த் தாங்கி வேண்டும், துளைச் சேற்றையும் வாயுவோடு மேலே வரும் உப்பு நீரையும் கொட்ட இடம் வேண்டும். இவை எந்த ஊரில், எந்த மண்ணின் மேல் வருகின்றன என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

குளம் நிறைஞ்சா எங்கட கிணறும் நிறையுது. ரெண்டும் ஒரே தண்ணியோ?

பெரும்பாலும் ஆம். வன்னியில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு, பேராறு எல்லாம் மாரியில் பெருகி வெயிலில் மணலாகக் கிடப்பவை. ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை பெய்கிற மழையைக் குளத்தில் மறித்து வைத்துத்தான் மிச்ச மாதங்களைக் கடத்துகிறோம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, அருவியாற்று நீர் வந்து சேரும் கட்டுக்கரைக்குளம், இவற்றுக்கு நடுவே பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சின்னக் குளங்கள். குளத்தில் நிற்கும் நீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. அடியால் கசிந்து, கட்டுக்குக் கீழே உள்ள கிணறுகளை ஊறவைக்கிறது. குளம் வற்றிய ஆண்டில் கிணற்றில் வாளி தட்டுவது அதனால்தான்.

வன்னியின் அடிநிலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வவுனியாவிலும் முல்லைத்தீவின் தெற்கிலும் கீழே கருங்கல். அதன் மேல் உக்கிய கல்லும் மண்ணுமாக ஒரு மெல்லிய படை இருக்கும். நமது திறந்த கிணறுகள் அந்தப் படையில்தான் நிற்கின்றன. அதற்குக் கீழே கல்லின் வெடிப்புகளில் அகப்படுவதுதான் குழாய்க்கிணற்று நீர். முருங்கன், பூநகரி, பரந்தன் பக்கம் போனால் சுண்ணக்கல் வந்துவிடும். முருங்கன் பக்கத்தில் ஆழத்தில் நல்ல நீர்ப்படை ஒன்று இருக்கிறது. கரையோர மணலில் வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கருங்கல் நாட்டில் ஓரிடத்தில் விழுந்த அழுக்கு மெல்ல நகரும். சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் வேகமாகப் பரவும், எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பதும் கடினம். ஒரு பக்கத்து ஊருக்குச் சரியான பதில் அடுத்த ஊருக்குச் சரிவராததற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவிலை தண்ணிப் பைப்பிலை நெருப்புப் பிடிச்சதாம். இங்கையும் அப்பிடி நடக்குமோ?

அங்கே நடப்பது தரைக்குள் துளைத்து, பிறகு படுக்கையாகத் திருப்பி, இறுகிய களிப்பாறையை நீரழுத்தத்தால் பிளந்து வாயு எடுக்கும் முறை. மன்னார்க் கடலில் கண்டது அந்த வகையல்ல. ஆனாலும் அவர்களுடைய அனுபவத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் டிமொக் என்ற ஊரில் 2009 புதுவருட தினத்தன்று ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. 2011இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிவாயுக் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும் குடிநீர்க் கிணறுகளில் எரிவாயுவின் முக்கிய பகுதியான மெதேன் பல மடங்கு கூடுதலாக இருப்பதை அளந்து காட்டினார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது பாறை பிளக்கும் ஆழத்தில் அல்ல. துளையைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாயும் சீமெந்தும் சரியாகப் பிடிக்காத இடத்தில், நமது கிணற்று மட்டத்துக்குக் கிட்டத்தான்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கும் என்றும் கேட்கிறார்கள். பாறை பிளக்க ஒரு கிணற்றுக்குச் சாதாரணமாக ஒரு கோடி லீற்றருக்கு மேல் போகும். நமது கணக்கில் அது சிறுபோகத்தில் இரண்டு ஏக்கர் நெல்லுக்கு விடும் நீர் அளவு. அதனால் போகும் நீரை விட, திரும்பி வரும் நீர்தான் எனக்குப் பெரிய கவலை. அது கடல்நீரை விட உப்பாக இருக்கலாம். பேரியம் போன்ற உலோகங்களும், நிலத்தடியில் இயல்பாக உள்ள கதிரியக்கப் பொருட்களும் கலந்து வரலாம். அதைக் குட்டை கட்டி வைப்பார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வெள்ளத்தின் பாதையில் அப்படி ஒரு குட்டை இருந்திருந்தால், அதிலிருந்ததெல்லாம் இரவோடிரவாக வயலுக்குள் இறங்கியிருக்கும்.

இதைத் தடுக்கேலுமோ? எங்கையாவது தடுத்திருக்கினமோ?

தடுத்திருக்கிறார்கள். நியூயோர்க் மாநிலம் 2014இல் இந்த முறைக்குத் தடை அறிவித்தது. டெலவெயர் ஆற்றை நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்த ஒரு ஆணைக்குழு பார்க்கிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் குடிக்கும் ஆறு அது. அந்த ஆணைக்குழு 2021 பெப்ரவரியில் தன் வடிநிலம் முழுவதற்கும் தடை போட்டது. இதில் எனக்குப் பிடித்தது, எல்லையை மாகாணக் கோட்டால் வரையாமல் மழைத்தண்ணீர் ஓடும் வழியால் வரைந்திருக்கிறார்கள். கனகராயன் ஆறு வவுனியாவில் பிறந்து கிளிநொச்சியில் கடலைத் தேடுகிறது. அதையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2017இல் புதுக்கோட்டை நெடுவாசலில் விவசாயிகள் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை. வருமுன் நிறுத்துவது சுலபம், வந்தபின் எடுப்பது கடினம் என்பதற்கு அதுவே சாட்சி.

கிணத்துத் தண்ணிக்கு மேலை எண்ணெய் மாதிரி மினுங்குது. டீசலோ?

ஒரு குச்சியால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். படலம் கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்பை உண்ணும் பற்றீரியாவால் வந்தது, நமது மண்ணில் சாதாரணம். கீறிய இடம் உடனே மூடி, வானவில் நிறம் சுழன்றால் எண்ணெய் என்று சந்தேகப்படலாம். மணத்தையும் பாருங்கள். நீரிறைக்கும் மோட்டரை மாரிகாலத்தில் கிணற்றுக் கட்டிலேயே வைத்து எண்ணெய் விடுகிறவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். நான் போய்ப் பார்த்த எண்ணெய்க் கிணறுகளில் பாதிக்கு மேல் காரணம் அந்த மோட்டர்தான்.

வாயு என்று சந்தேகம் வந்தால் தயவுசெய்து நெருப்புக் கொள்ளி கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். மெதேனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய கிணற்றறையைத் திறந்து காற்றோட விடுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள்.

கொதிக்க வைச்சுக் குடிச்சாச் சரிதானே?

கிருமிக்குச் சரி. வேறு எதற்கும் சரியில்லை. நைத்திரேற்று, புளோரைட்டு, உப்பு, உலோகம் எதுவும் ஆவியாகாது. நீர் வற்ற வற்ற அவை செறிந்துகொண்டே போகும். நைத்திரேற்றுக் கூடிய கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால் கரைப்பது நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தீமை செய்வது.

சுன்னாகத்திலை சனம் வழக்கிலை வெண்டதுதானே. அப்ப ஏன் இவ்வளவு பயம்?

வென்றது உண்மை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்காக 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த நோதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சுற்றாடலைப் பற்றி நமது நாட்டில் வந்த முக்கியமான தீர்ப்புகளில் அது ஒன்று. படிக்கக்கூடியவர்கள் படிக்கவேண்டும்.

ஆனால் அந்த வழக்கு எதைச் சுற்றிச் சுற்றி நடந்தது என்று பாருங்கள். நிலத்துக்குள் இறங்கியது யாருடைய எண்ணெய், எப்போது இறங்கியது, முன்பிருந்ததா பின்பு வந்ததா என்பதைச் சுற்றித்தான். கெடுவதற்கு முந்திய நாளில் அந்தக் கிணறுகளில் என்ன இருந்தது என்று எழுதிய தாள் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. தண்ணீரைக் குடித்த சனம் பவுசருக்கு வரிசையில் நிற்க, அறிக்கைக்கு மேல் அறிக்கை வந்தது. டிமொக்கிலும் இதே கதை. மெதேன் இங்கே இயல்பாகவே இருந்தது என்று நிறுவனம் சொன்னது. இல்லை என்று காட்ட வீட்டுக்காரர்களிடம் பழைய கணக்கு இல்லை. 2009இல் வெடித்த விஷயத்துக்கு 2022இல்தான் நிறுவனம் குற்றவியல் வழக்கில் எதிர்வாதமின்றி ஒப்புக்கொண்டு, ஊருக்குக் குழாய்நீர் போடப் பணம் கட்டச் சம்மதித்தது. பதின்மூன்று வருடம்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: தண்ணீர் நல்லாயிருக்கும்போதே அதை அளந்து எழுதி வைக்கவேண்டும். கெட்டபிறகு எடுக்கும் அளவு பாதிச் சாட்சிதான்.

சரி, அளக்கிறதெண்டால் எப்ப, எங்கை, என்னத்தை?

இரண்டு வகை இருக்கிறது. முதலாவது நீங்களே செய்வது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். எப்போதும் விளிம்பின் அதே இடத்திலிருந்து அளக்கவேண்டும், அதில் ஒரு அடையாளம் போட்டு விடுங்கள். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் கையடக்கமான டி.டி.எஸ். மீற்றர் ஒன்றை ஒரு ஊருக்குச் சேர்ந்து வாங்கினால் உப்புச் சத்து ஏறுகிறதா என்று உடனுக்குடன் தெரியும். ருசி, மணம், நிறம், மழை பெய்த நாள் எல்லாம் எழுதுங்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்த்தேன், பெரியவர்களை விட ஒழுங்காகச் செய்தார்கள்.

இரண்டாவது ஆய்வுகூடப் பரிசோதனை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ நீர்வளச் சபையிலோ கட்டணம் கட்டிச் செய்விக்கலாம். போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். சோடாப் போத்தலில் எடுத்த நீருக்கு மதிப்பில்லை. வருடத்தில் இரண்டு தடவை போதும்: செப்டெம்பர் கடைசியில் நீர் மிகக் குறைந்திருக்கும்போது ஒன்று, ஜனவரி கடைசியில் நிறைந்திருக்கும்போது ஒன்று. அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், கடினத்தன்மை, குளோரைட்டு, நைத்திரேற்று, புளோரைட்டு, இரும்பு, ஈ.கோலி கிருமி ஆகியவை அடிப்படை. இலங்கைக் குடிநீர்த் தரத்தின்படி லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம், கடினத்தன்மை 250, குளோரைட்டு 250, புளோரைட்டு 1 ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. ஈ.கோலி இருக்கவே கூடாது. பக்கத்தில் எண்ணெய், வாயு வேலை வரும் பேச்சிருந்தால் எண்ணெய், மெதேன், பேரியம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாக் கிணற்றுக்கும் காசு காணாது. ஊருக்கு ஐந்து கிணறு தெரிவு செய்யுங்கள்: குளக்கட்டுக்குக் கீழே ஒன்று, மேட்டில் ஒன்று, பாடசாலைக் கிணறு, கோயில் கிணறு, கடைசி வாய்க்கால் பக்கத்தில் ஒன்று. நீர் எடுக்கும்போது கிராம அலுவலரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கூட வைத்திருங்கள், அவர் முன்னால் போத்தலை மூடிக் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையின் பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் நாம். ஒரே தாளை ஒரே பெட்டியில் வைப்பதன் விலை நமக்குத் தெரியும்.

மன்னாரிலை துளை போட்டது காஸுக்கோ மண்ணுக்கோ?

மன்னார்த் தீவில் அண்மைக் காலத்தில் போட்ட ஆயிரக்கணக்கான துளைகள் மண்ணுக்கு. மணலில் இல்மனைட் என்ற கனியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவுஸ்திரேலிய நிறுவனமொன்று துளைத்தது. 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இருந்து போராடியது காற்றாலைகளுக்கும் இந்தக் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக.

மேலே கரையோர மணலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். தீவின் நன்னீர் ஆறாகவோ குளமாகவோ இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பானைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்கவேண்டும்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி நன்னீர் போய், உப்பு ஏறும். மணலை வாரி நிலத்தைத் தாழ்த்தினாலும் அதிகம் இறைத்தாலும் அதுதான் நடக்கும். ஏறிய உப்பு இறங்கப் பல மாரி வேண்டும்.

பூநகரி பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழ வந்தபோது சனம் மறித்து நின்றதும் இந்தப் பயத்தால்தான். கல்லைத் தோண்டி எடுத்தால் கடல் உள்ளே வரும் என்று அவர்கள் சொன்னதைக் கிராமத்துப் பயம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நிலத்தடி நீரியல் தெரிந்த எவரும் அதை ஒதுக்கமாட்டார்கள்.

ஆத்திலை மண் அள்ளினா கிணத்திலை ஏன் தண்ணி குறையுது?

ஆற்று மணல் ஒரு பஞ்சு. மாரி வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, வெள்ளம் போனபிறகு மாதக்கணக்கில் இரு கரைக் கிணறுகளுக்கும் விட்டுக்கொடுக்கும். டிப்பரில் அதை ஏற்றிப்போனால் வெள்ளம் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கரைக் கிணற்று நீர் திரும்பி ஆற்றுக்குள் வடியும். கடலுக்குக் கிட்டிய இடமென்றால் உவர்நீர் படுகை வழியாக ஏறிவரும். அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். அதில் எந்த இடம், எத்தனை கியூப், எத்தனை மணிவரை என்று எழுதியிருக்கும். இரவில் ஓடும் டிப்பரைத் தனியாக மறிக்கப் போகவேண்டாம். இலக்கத்தை எழுதி, பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

காஸ், காஸ் எண்டு சொல்லுறியள். வயலுக்கு மருந்தடிக்கிறது நாங்கள்தானே மாஸ்ரர்?

இதைக் கேட்டவர் ஒரு கமக்காரர். கேட்டதற்காக அவரை நான் மதிக்கிறேன். இன்றைய திகதியில் வன்னிக் கிணறுகளுக்கு எரிவாயுவை விட நாம் போடும் உரமும் மருந்தும் மலசலகூடக் குழியும் நெருங்கிய ஆபத்து. மேலே உள்ள குளத்தின் வயலிலிருந்து வடியும் நீர் கீழே உள்ள குளத்துக்குப் போகிறது. அதன் வயலிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. மேல்குளத்துக்காரர் வாய்க்காலில் கழுவிய மருந்துத் தாங்கி கீழ்க்குளத்துப் பிள்ளையின் வயிற்றில் முடியும். தாங்கியை வரம்பில் கழுவுங்கள், வெறும் போத்தலை வாய்க்காலில் போடாதீர்கள். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி விடுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் 100 அடி விட்டாலும் எனக்கு மனம் ஆறாது.

வவுனியாவில் செட்டிகுளம் பக்கத்தில் சிறுநீரக நோய் பல குடும்பங்களை உலுக்கியிருக்கிறது. புளோரைட்டா, கடினத்தன்மையா, விவசாய இரசாயனமா, வெயிலில் நீர் குடிக்காமல் வேலை செய்வதா என்று மருத்துவ உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. காரணம் தெரியும் என்று அடித்துச் சொல்லி எதையாவது விற்க வருகிறவரை நம்பவேண்டாம்.

நாம் செய்யும் தவறு வெளியிலிருந்து வரும் பெரிய தவறுக்கு அனுமதிச் சீட்டாகிவிடாது. நம் வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொண்டு கேட்டால் நமது கேள்விக்கு வலு கூடும்.

ஆர்.ஓ. பிளான்ட் போட்டிட்டினம். இனிக் கிணறு என்னத்துக்கு?

ஆர்.ஓ. என்பது நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கும் இயந்திரம். தேவைப்படும் இடத்தில் அது உயிர் காக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நீரை உண்டாக்குவதில்லை, கிணற்று நீரைத்தான் வடிக்கிறது. உள்ளே போகும் நீரில் பாதியளவு வரை கழிவாக வெளியே வரும். நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவில் செறிந்திருக்கும். அதை அதே கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டால் ஒவ்வொரு வருடமும் கிணறு கெட்டுக்கொண்டே போகும். உங்கள் ஊர் இயந்திரத்தின் கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடுக்கிறதும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. அது பங்கீட்டுப் பிரச்சினை. கடைசி வாய்க்கால் வரை சிறுபோகத்துக்கே நீர் காணாத கமக்காரருடைய பயமும் நியாயம், கிணற்றில் நைத்திரேற்றும் உப்பும் ஏறிய யாழ்ப்பாணத்தவருடைய தாகமும் நியாயம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டபிறகு அந்த இழுபறி கொஞ்சம் தணிந்திருக்கிறது. பங்கு பிரிப்பதில் தவறு நடந்தால் அடுத்த போகத்தில் பேசித் திருத்தலாம். கெட்ட நீரை எந்தக் கூட்டத்தில் பேசியும் திருத்தமுடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் வடக்குச் சனம் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்க, கெடுக்க வருகிறவருக்கு வழி திறந்து கிடக்கும்.

எங்களைக் கேக்காமல் திட்டம் வந்தா என்ன செய்யலாம்?

பெரிய திட்டத்துக்கு 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அறிக்கை வந்தால் பத்திரிகையில் தமிழிலும் அறிவித்தல் வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்த 30 நாளில் எழுத்தில் கொடுத்த கருத்துக்குத்தான் பின்னால் பெறுமதி. ‘எதிர்க்கிறோம்’ என்று நூறு கையெழுத்து வைப்பதை விட, ‘இன்ன கிணற்றின் இன்ன அளவு இது, உங்கள் அறிக்கையில் இந்த நீர்ப்படை பற்றி ஒரு வரியும் இல்லை’ என்று ஒருவர் எழுதுவது கனமானது. கொப்பி அங்கேதான் உதவும். சின்னத் திட்டம் என்று சொல்லி ஆரம்பப் பரிசோதனை அறிக்கையோடு முடித்தால் 30 நாள் அவகாசம் கிடைக்காது. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறார்களா என்று விழிப்பாயிருங்கள்.

தகவல் கிடைக்கவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. உடனடித் தொல்லையென்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாத எல்லை இருக்கிறது. பலர் யோசித்து முடிக்கும்போது அந்த மாதம் போய்விடுகிறது.

பெடியளுக்கு வேலை வருமெண்டுதானே சொல்லுகினம். நீங்கள் ஏன் குறுக்கை நிக்கிறியள்?

கேட்டது ஒரு தாய். மகன் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறான். அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

பிறகு வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். துளையிடும் வேலை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற ஆட்களுடையது. நமது பிள்ளைகளுக்கு வருவது காவல், சாரதி, கூலி வேலை, அதுவும் கட்டி முடியும் வரை. வேலை தருவதாகச் சொன்னால் எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு, என்ன பதவி என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே தண்ணீர் கெட்டால் யார், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் தருவார் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் பதில் தருகிறவரோடு பேசலாம். அந்த அம்மா, ‘அப்ப ஆரும் எழுதித் தரமாட்டினம்’ என்றார். எனக்குத் தெரிந்தவரை இதுவரை யாரும் தரவில்லை.

என்ர காணியிலை ஆய்வுக்குத் துளை போடக் கேக்கினம். காசும் தருகினமாம். விடட்டோ?

காசை வாங்குமுன் ஐந்து விஷயம் கேளுங்கள். எந்தத் திணைக்களத்தின் அனுமதி, அதன் பிரதி எங்கே? எதைத் தேடுகிறீர்கள்? எத்தனை மீற்றர் ஆழம்? துளைச் சேற்றில் என்ன கலக்கிறீர்கள், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? முடிந்தபிறகு துளையை எதனால், எப்படி மூடுவீர்கள்? நிலத்துக்குக் கீழே உள்ள கனியமும் பெற்றோலியமும் அரசுக்குரியவை என்பதால் காணி உங்களுடையது என்றாலும் அதைக் காட்டிப் பேரம் பேச முடியாது. ஆனால் உங்கள் காணிக்குள் வந்து வேலை செய்வதற்கான நிபந்தனையை நீங்கள் எழுதலாம்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். சரியாக மூடாத துளை, கீழே உள்ள உவர் படையையும் மேலே உள்ள நன்னீர்ப் படையையும் இணைக்கும் குழாய். மேலே நாலு கல்லைப் போட்டு மண் தள்ளினால் அது மூடல் ஆகாது. அடியிலிருந்து சீமெந்துக் கலவையோ நீர் பட்டால் ஊதும் களிமண்ணோ இறக்கி மேல்வரை நிரப்பவேண்டும். அதை நீங்கள் நின்று பார்க்கவேண்டும், கைபேசியில் படமெடுக்கவேண்டும். துளை போடுவதற்கு முந்திய வாரம் உங்கள் கிணற்றிலும் அயலவர் கிணற்றிலும் நீர் எடுத்துப் பரிசோதித்து, அந்தச் செலவை அவர்களிடம் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி, அடுத்த மாரி முடிய மறுபடி. இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் படலையைப் பூட்டிவிட்டு, கிராம அலுவலருக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். உங்கள் காணியில் போடும் துளை பக்கத்துக் காணிக் கிணற்றின் நீரையும் தொடுகிறது, அதனால் அயலவரைக் கேட்காமல் ஒப்பம் வைக்காதீர்கள்.